கண்புரை அறுவைக்குப் பிந்தைய ஒளித்தொந்தரவு அளவீடு

கண்புரை அறுவைக்குப் பிந்தைய ஒளித்தொந்தரவு அளவீடு என்பது, கண்புரை நீக்கப்பட்டுச் செயற்கை வில்லை பொருத்தப்பட்டவர்களுக்குத் தோன்றும் கண்கூச்சம், ஒளிவட்டம், நிழல் முதலியவற்றை மதிப்பிடும் முறைகளைக் குறிக்கும். இத்தொந்தரவுகள் கண் மருத்துவத்தில் டிஸ்போட்டாப்சியா எனப்படுகின்றன. பார்வைக்கூர்மை 6/6 ஆக உள்ளவர்களுக்கும் இவை ஏற்படலாம்.

வகைகள்

விளக்கைச் சுற்றி வட்டங்கள், கதிர்கள், ஒளிக்கீற்றுகள் தெரிவது நேர்மறை வகையாகும். வில்லையின் சதுர விளிம்பும், வில்லைப் பொருளின் உயர்ந்த ஒளிவிலகல் எண்ணும் இதற்குக் காரணங்களாகும். பல்குவிய வில்லைகளில் ஒளிவட்டம் மிகுதியாகத் தோன்றும். நெற்றிப்பொட்டுப் பக்கம் பிறை வடிவக் கருநிழல் தெரிவது எதிர்மறை வகையாகும். பலருக்கு இவை நாளடைவில் குறைந்துவிடும்.

எழுத்து அட்டைகள்

1862இல் உருவான சினெல்லன் அட்டை, வெண்பரப்பில் உள்ள கரிய எழுத்துகளைப் படிக்கும் திறனை மட்டுமே அளக்கிறது. எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி கண்ணுள் சிதறி, விழித்திரையின் மேல் ஒளித்திரையாகப் படிவதை அது காட்டாது. 1988இல் வெளிவந்த பெல்லி-ராப்சன் அட்டையில் எழுத்துகள் ஒரே அளவில் இருக்க, அவற்றின் கருமை மூன்று எழுத்துகளுக்கு ஒருமுறை குறைந்து செல்லும். இது மாறுபாட்டை உணரும் திறனை அளக்கிறது.

சிதறொளி அளவீடு

சி-குவான்ட் என்னும் கருவியில், மினுக்கும் ஒளிவளையத்தின் நடுவே இரண்டு அரைவட்டங்கள் காட்டப்படும். வளையத்தின் ஒளி கண்ணுள் சிதறுவதால் நடுப்பகுதியும் மினுக்குவதாகத் தோன்றும். எந்த அரைவட்டம் அதிகம் மினுக்குகிறது என்பதை நோயாளி பொத்தானை அழுத்தித் தெரிவிப்பார். முடிவு மடக்கை அளவில் தரப்படும். அது 0.3 கூடினால் சிதறொளி இருமடங்காகியுள்ளது என்று பொருள்.

வினாப்பட்டியல்

2010இல் வெளியான பார்வைத்தர வினாப்பட்டியல் 10 அறிகுறிகளைப் பற்றிக் கேட்கிறது. ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது, எவ்வளவு கடுமையானது, எவ்வளவு தொல்லை தருகிறது என்பவை தனித்தனியே பதிவு செய்யப்படும். சில அறிகுறிகள் படங்களால் விளக்கப்படுகின்றன. எதிர்மறை நிழலைச் சிதறொளிக் கருவி காட்டாது என்பதால், அதில் நோயாளியின் கூற்றே முதன்மையான சான்றாகும்.

பயன்பாடு

கண் உலர்வு, எஞ்சிய பார்வைப் பிழை, வில்லையின் பின்னுறை மங்குதல் ஆகியவையும் கண்கூச்சம் போன்ற தொந்தரவுகளைத் தரும். மங்கிய பின்னுறையை யாக் லேசரால் திறக்கலாம். ஆனால் அவ்வாறு திறந்தபின் வில்லையை மாற்றுவது கடினமாகும். தொந்தரவுக்கு வில்லையே காரணமாக இருந்தால், லேசர் சிகிச்சை பயன் தராததோடு மாற்று வழியையும் சிக்கலாக்கும். எனவே லேசர் சிகிச்சைக்கு முன்னரே காரணத்தைக் கண்டறிவது இன்றியமையாததாகும்.