இணையத்தளம் அமைப்பவரின் ஒரு கிழமை

கண்டி நகருக்குத் தென்மேற்கே ஹந்தானை மலைத்தொடர் உயர்ந்து நிற்கின்றது. அதன் சரிவிலே 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது. அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. கொழுந்து தேயிலையாகும் விதத்தை அவ்வரும்பொருட்சாலையின் பொறிகளைக் கொண்டு அறியலாம். இணையத்தளம் அமைக்கும் தொழிலோ கண்ணுக்குப் புலப்படாதது. விரல் நுனி பட்டதும் திரையில் விரியும் ஒரு பக்கத்தின் பின்னே ஒரு கிழமை உழைப்பு மறைந்திருத்தல் கூடும்.

மலையடிவாரத்திலிருந்து இத்தொழிலைச் செய்யும் ஒருவரின் கிழமை எத்தகையது? திங்கட்கிழமை வினாக்களோடு தொடங்கும். பக்கத்தைப் படிப்பவர் யார்? எம்மொழியிற் படிப்பர்? இலங்கையில் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழியாதலின், பொதுமக்களுக்கான தளம் ஒரு மொழியோடு நின்றுவிடல் தகாது. அடுத்த இரு நாட்களில் எச்.ரி.எம்.எல். கொண்டு தலைப்பு, பந்தி, படிவம் என்னும் உறுப்புகள் வகுக்கப்படும், சி.எஸ்.எஸ். அவற்றுக்குத் தோற்றம் தரும். வியாழனன்று ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை இயங்கச் செய்யும்.

வெள்ளிக்கிழமைச் சோதனையிலேதான் தொழிலின் நுட்பம் வெளிப்படும். ‘ஹந்தானை’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் கற்ற சிறுவனுக்கு அது நான்கு எழுத்து. கணினிக்கோ அது ஏழு குறியீடு. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ‘னை’ என்பதில் ஐகாரக்குறி எழுத்தின் முன்னே தோன்றினும், சேமிப்பில் அது னகரத்தின் பின்னரே நிற்கும். 1992ஆம் ஆண்டில் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடங்கொள்ளும். ஆகவே அந்நான்கு எழுத்துக்கு இருபத்தொரு பைட் வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி இருபது பைட்டோடு வெட்டிவிடும் நிரலில் ஐகாரம் அறுந்து, ‘ஹந்தான’ என்பதே எஞ்சும். ஊர்ப்பெயருக்கு நேரும் இக்குறை, பிறப்புப் பதிவிலோ பரீட்சைப் பெறுபேற்றிலோ ஒருவரது பெயருக்கு நேர்ந்தால், அவர் அதனைத் திருத்தும்பொருட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடுமன்றோ?

இத்தகைய பிழைகளைத் தவிர்ப்பதற்கு வழி படிப்பே. சனிக்கிழமையை அதற்கென ஒதுக்குவது நன்று. 2005ஆம் ஆண்டில் மொசில்லா தொடங்கிய எம்.டி.என். ஏடுகள் ஒவ்வொரு கட்டளையின் பயனையும் எடுத்துக்காட்டுடன் விளக்குவன. உலகளாவிய வலைச் சங்கம் 1999 முதல் வெளியிட்டுவரும் அணுகல் நெறிகள், பார்வையற்றோரும் பயன்படுத்தக்கூடிய பக்கம் எது என்பதைக் கற்பிப்பன. அச்சங்கத்தின் பன்மொழிப் பிரிவு தமிழெழுத்துப் பற்றித் தொகுத்துள்ள குறிப்புகள், நம் நாட்டில் இத்தொழில் பயில்வோர் தவறாது கற்கவேண்டியவை. ஈதன் மார்க்கொற் 2010இல் எழுதிய கட்டுரை, ஒரே பக்கம் கைப்பேசிக்கும் பெருந்திரைக்கும் இசைந்து மாறும் முறையைக் காட்டியது. இவை யாவும் கட்டணமின்றிக் கிடைப்பன.

1989ஆம் ஆண்டில் ரிம் பேணர்ஸ் லீ முன்மொழிந்த வலை, 1993இல் எவரும் உரிமைப்பணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமையாக்கப்பட்டது. அப்பொதுவுடைமையில் தமிழருக்குள்ள பங்கு, அவர்தம் பெயர் ஓரெழுத்தும் குறையாது திரையில் தோன்றும்போதே முழுமை பெறும்.