தஞ்சை மராட்டிய அரசும் வாரிசு வழக்கும்

தஞ்சை என்றவுடன் மாணவர் பெரிய கோவிலையும் இராசராச சோழனையும் கூறுவர். அந்நகரை இறுதியாக ஆண்டவர் மராட்டியர் என்பதைக் கூறுவோர் சிலரே. சத்திரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி 1676-இல் நிறுவிய அவ்வரசு, 1855-க்குப் பின் இல்லாதொழிந்தது. அதனை வீழ்த்தியது போர்க்களம் அன்று, ‘வாரிசு யார்?’ என்னும் வினாவே.

1787-இல் துளஜாஜி மன்னர் மறைந்தபோது, அவர் சுவீகாரம் கொண்ட சரபோஜி சிறுவர். அச்சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர் உரைக்க, கிழக்கிந்தியக் கும்பினி அமரசிங்கரை அரியணையில் அமர்த்திற்று. 1798-இல் அதே சுவீகாரம் செல்லும் என்று முடிவாயிற்று, சரபோஜி முடிசூடினார். மறு ஆண்டே விலை கேட்கப்பட்டது. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியிடம் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே.

முடி ஒருவரிடம், ஆட்சி வேறொருவரிடம் என்னும் இம்முறை மலேசியர் அறியாததன்று. 1874-இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் மலாய் நாடுகளுக்கும் ரெசிடெண்டுகள் வந்தனர். சிலாங்கூர் ரெசிடெண்டின் தலைமையிடம் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. ஆயினும் சிலாங்கூர் சுல்தான் மரபு இன்றும் நிலைத்துள்ளது. தஞ்சை மரபோ அரசுரிமை இழந்தது. ஏன்?

சரபோஜியின் மகன் சிவாஜி 1855-இல் ஆண் மகவின்றி இறந்தார். பெண் மக்கள் இருந்தும் கும்பினி அவர்களை ஏற்கவில்லை. அரசு அற்றுப்போயிற்று என்று அறிவித்து, அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றியது. மன்னரின் மனைவி காமாட்சிபாய் சென்னை நீதிமன்றத்தில் வழக்கிட்டு வென்றார். 1859-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றிற்று. கைப்பற்றியது ‘அரசுச் செயல்’ ஆதலின், அது நேர்மையா என்று ஆராய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பதே காரணம். பின்னர் 1862-இல் சொத்துகள் குடும்பத்திற்குத் திரும்பின; உரிமையாக அன்று, சலுகையாக.

ஒரே சாத்திரம் ஒருமுறை ‘செல்லாது’ என்றும், மறுமுறை ‘செல்லும்’ என்றும் பொருள் கொள்ளப்பட்டது. இறுதியில் சட்டமே வாய்மூடிற்று. வலியோர் கையில் சட்டம் படும் பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் பாடம் அரிது.

அரசு மறைந்தும் அதன் கல்விச் செல்வம் மறையவில்லை. சரபோஜி வளர்த்த சரசுவதி மகால் நூலகம் 1918-இல் பொதுமக்கள் உடைமையாயிற்று. அரசவையில் விளங்கிய பொன்னையா முதலிய நால்வர், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் ஆடல் முறையை வகுத்தனர். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் சலங்கை கட்டும் சிறுமியரும் அம்முறையையே பயில்கின்றனர். வாரிசு இல்லை என்று கும்பினி முடிவுகட்டிய அரசுக்கு வாரிசுகள் இவர்களே எனலாம்.