ஜெல்லிமீன் தந்த விளக்கு

உயிரணுவை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு மாதிரி, விளிம்பு மட்டும் லேசாகத் தெரியும். உள்ளே ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் ஓடியாடி வேலை செய்கின்றன. ஒன்றும் கண்ணில் படாது. சாயம் ஏற்றினால் தெரியும். ஆனால் பல சாயங்களுக்கு முதலில் ஃபார்மலின் போன்றவற்றால் உயிரணுவை உறைய வைக்க வேண்டும், அதாவது கொல்ல வேண்டும். ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்துத் தேர் எந்தத் தெருவில் திரும்பியது என்று ஊகிக்கிற கதை.

உயிரோடு இருக்கும்போதே பார்க்க வழி ஒரு ஜெல்லிமீனிடமிருந்து வந்தது. நம் கடற்கரையில் சொறிமுட்டை என்பார்களே, அந்த இனம்தான்.

ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய வேதியியலாளர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஜான்சனுடன் 1961 கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃபிரைடே ஹார்பருக்குப் போனார். அங்கே ஏக்குவோரியா விக்டோரியா என்னும் ஜெல்லிமீன், தொட்டால் விளிம்பில் பச்சையாக ஒளிரும். விளிம்புகளை வெட்டி, துணியில் பிழிந்து, சாறெடுத்தார்கள். ஒளி தரும் பொருள் மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டியபோது பளீரென்று நீல ஒளி. தொட்டியில் ஏற்கெனவே கடல்நீர் விழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்த கால்சியம்தான் ஒளியைத் தூண்டியிருக்கிறது. அப்படிக் கிடைத்த புரதத்துக்கு ஏக்குவோரின் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, புரதம் நீலமாக ஒளிர்ந்தால், ஜெல்லிமீன் ஏன் பச்சை? கூடவே இன்னொரு புரதம் இருந்தது. நீலத்தை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவது அதன் வேலை. 1962இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அதற்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு. இன்று ஜிஎஃப்பி என்று உலகமே அழைக்கும் பச்சை ஒளிர்புரதம் அதுதான்.

மின்மினி தானே ஒளியை உண்டாக்குகிறது, இது அப்படியல்ல. புற ஊதா விளக்கின் கீழ் ரூபாய் நோட்டின் எண்கள் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ரகம்: ஒரு நிறத்தில் ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும். 238 அமினோ அமிலங்கள் சேர்ந்த இந்தப் புரதம் பீப்பாய் போல மடிந்துகொள்ளும். பீப்பாயின் நடுவில் மூன்று அமினோ அமிலங்கள் தங்களுக்குள் வினைபுரிந்து ஒளிரும் பகுதியாக மாறுகின்றன. வெளியிலிருந்து ஆக்சிஜன் போதும், வேறு உதவிப் பொருள் வேண்டாம். இதன் மதிப்பே இங்கேதான் இருக்கிறது: மரபணுவைக் கொடுத்துவிட்டால் எந்த உயிரணுவும் இந்த விளக்கைத் தானே செய்துகொள்ளும்.

அந்த மரபணுவை 1992இல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். நிதி தீர்ந்துபோனதால் மேலே செல்ல முடியாமல், மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவைத்தார். சால்ஃபி அதை ஒரு நுண்புழுவில் செலுத்தினார். தொடுதலை உணரும் நரம்பணுக்கள் உயிருள்ள புழுவுக்குள்ளேயே பச்சையாகத் தெரிந்தன. 1994இல் அந்தச் செய்தி வெளியானது. சியன் அதன் வேதியியலை விளக்கி, நீலம், மஞ்சள் என நிற வகைகளை உருவாக்கினார். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் வேதியியல் நோபல். அப்போது பிராஷர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு மூன்று பேருக்கு மேல் கிடையாது என்ற விதியைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

இனி, ஆராயவேண்டிய புரதத்தின் மரபணுவோடு இந்த மரபணுவை ஒட்டிவிட்டால் போதும். மாட்டின் கழுத்தில் மணி கட்டியது போல, அது போகுமிடமெல்லாம் பச்சைப் புள்ளியும் போகும். மணி கொஞ்சம் பெரியது என்பது தொல்லை. சில புரதங்கள் அந்தச் சுமையால் சரியாக வேலை செய்வதில்லை. ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினாலும் உயிரணு வதைபடும்.

இன்னொரு தடை ஒளியினுடையது. சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்று எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே கணக்கிட்டுவிட்டார். எரிக் பெட்சிக்கும் ஹரால்ட் ஹெஸ்ஸும், ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் கட்டிய நுண்ணோக்கியால் அந்தத் தடையைச் சுற்றிப் போனார்கள். மலைமேலிருந்து பார்த்தால் அடிவாரத்து ஊரின் தெருவிளக்குகள் ஒரே மங்கலாகத் தெரியும். சில விளக்குகளை மட்டும் ஏற்றி, ஒவ்வொன்றின் நடுவையும் குறித்து, அணைத்து, அடுத்த சிலவற்றை ஏற்றிக்கொண்டே போனால் ஊரின் வரைபடமே கிடைத்துவிடும். விரும்பும்போது எரியவும் அணையவும் கூடிய ஒளிர்புரதங்கள் இதற்குக் கைகொடுத்தன. 2006இல் முறை வெளியானது. 2014இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் பெட்சிக் ஒருவர்.

இதையே மனித உடலுக்குள் செய்ய முடியாதா? இருட்டில் கைப்பேசி விளக்கின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும்தான் வெளியே வரும். நீலமும் பச்சையும் சதையிலேயே தங்கிவிடும். தவிர, நோயாளிக்கு ஜெல்லிமீன் மரபணுவைப் புகுத்த யார் சம்மதிப்பார்? ஆகவே பெட் ஸ்கேனில் வேறு வழி: கதிரியக்க ஃப்ளூரின்-18 கோத்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் புற்றுக் கட்டிகள் பலவும் படத்தில் தூக்கலாகத் தெரியும். அந்த ஃப்ளூரினில் பாதி, ஏறக்குறைய 110 நிமிடத்தில் சிதைந்துவிடும். ஸ்கேனுக்குக் குறித்த நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.