உங்களுக்குத் தெரியுமா? ரேஸ் பைக்கில் கூலன்ட்டுக்குத் தடை!

ரேடியேட்டர் உள்ள பைக்கை முதன்முறை ரேஸுக்குக் கொண்டுபோகிறவர் அதன் கூலன்ட்டைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரும்பாலான ரேஸ்களில் இதுதான் விதி. காரணம், சாதாரண கூலன்ட்டில் உள்ள கிளைகால். தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். கிளைகால் லேசில் காயாது, எண்ணெயாக வழுக்கும். பின்னால் வருகிறவர்கள் வரிசையாக விழ அது போதும். உலக சூப்பர்பைக் ரேஸிலும் தண்ணீர்தான். வேண்டுமானால் கொஞ்சம் எத்தில் ஆல்கஹால் சேர்க்கலாம்.

• ஆயில் வடிக்கும் போல்ட் கழலாமலிருக்க, அதன் தலையில் துளையிட்டு, மெல்லிய ஸ்டீல் கம்பி கோத்து முறுக்கிக் கட்ட வேண்டும். போல்ட்டை இறுக்கும் திசையில் கம்பி இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால், கட்டியதே வீண்!

• கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிரேக் விளக்கும் எரியாது. முன்னால் போகிறவர் எங்கே பிரேக் பிடிப்பார் என்பதை நீங்களேதான் கணிக்க வேண்டும்.

• எஞ்சினுக்கு அடியிலுள்ள ஃபேரிங் வெறும் அழகுக்கல்ல. எஞ்சின் உடைந்தால் கொட்டும் ஆயிலையும் தண்ணீரையும் பிடிக்கும் தொட்டி அது. எஞ்சின் கொள்ளும் ஆயில், தண்ணீரின் மொத்த அளவில் பாதியாவது அதில் நிற்க வேண்டும் என்கிறது சர்வதேச விதி.

• குளிர்நாட்டு வீரர்களுக்கு இன்னொரு வேலை உண்டு: பனிக்காலத்தில் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். உறைந்தால் எஞ்சின் விரிசல் விடும்.