பெயர்ப் பலகைப் போர்

கடை வைக்க முற்படுபவர் எவரும் முதலிலே தேடுவது நல்லதொரு பெயரையே. நாள் பார்த்து, பெரியோரைக் கேட்டு, பலகையில் எழுதி, மாலை சூட்டிய பின்னரே வியாபாரத்தைத் தொடங்குவர். அதே பெயரை அயற் கடைக்காரரும் எழுதித் தொங்கவிட்டால் நிலைமை யாதாகும்? இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சிற்றூர்ச் சந்தியொன்றிலே "செக்கெண்ணெய்க் கடை" என்னும் பெயருடன் ஒரு கடை இருபது ஆண்டுகளாக நடைபெறுகின்றது. அதனைத் தொடங்கியவர் காலமாகிவிட்டார். அவர்தம் மனைவியே இப்போது கடையை நடத்தி, அவ் வருவாயைக் கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கின்றார். ஒருநாள் எதிர்ப்புறத்திலே "புதிய செக்கெண்ணெய்க் கடை" தோன்றுகின்றது. அயலூர் மூதாட்டி ஒருவர் அங்கே சென்று போத்தலை நீட்டி, "தம்பி, அந்தப் பழைய கடை இதுதானே?" என்று வினவுகிறார். "ஓம் ஆச்சி" என்று விடை வருகின்றது.

எவர் பக்கம் நியாயம் உளது? அம்மையாரின் பக்கமே என்று நம் மனம் உடனே கூறும். ஆயினும் புதியவருக்கும் ஒரு நியாயம் உண்டு. செக்கிலே ஆட்டிய எண்ணெயைச் செக்கெண்ணெய் என்னாது அவர் வேறெவ்வாறு அழைப்பார்? தமிழ் பேசுவோர் அனைவருக்கும் பொதுவான சொல்லை ஒருவர் மட்டும் வேலியிட்டு அடைத்துக்கொள்ளலாமா?

இக் கேள்வி நீதிமன்றங்களுக்குப் புதியதன்று. இங்கிலாந்திலே ரெடவே என்னும் உற்பத்தியாளர் இயந்திரங்களைச் சுழற்றும் பட்டிகளைச் செய்து, "ஒட்டகமயிர்ப் பட்டி" என்று விற்று வந்தார். அவரிடம் முன்னர் வேலை பார்த்த பனம் என்பவர் தாமும் பட்டி செய்து, அதே பெயரில் விற்கலானார். "எம் பட்டியும் ஒட்டக மயிரால் ஆனதே, உண்மையைச் சொல்வது குற்றமா?" என்பது பனம் தரப்பின் வாதத்தின் சாரம். அந் நாளில் உச்ச நீதிபீடமாக விளங்கிய பிரபுக்கள் சபை, 1896ஆம் ஆண்டிலே ரெடவேக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அச் சொற்கள் பண்டத்தின் தன்மையையே குறித்தனவாயினும், அவ் வியாபாரத்தில் அவை ரெடவேயின் பட்டி என்னும் பொருளைப் பெற்றுவிட்டன என்பது நிரூபிக்கப்பட்டதே இதற்குக் காரணம். எனினும் சொல்லை முற்றாகத் தடுத்தாரல்லர். தம் பண்டம் வேறு என்பதைத் தெளிவுபடுத்தாது, வாங்குவோர் மயங்கும் வண்ணம் அச் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பதே தீர்ப்பின் கருத்து.

இதற்கு எதிர்மாறான முடிவும் உண்டு. இலண்டன் மாநகரிலே காரியாலயங்களைத் துப்புரவு செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இரண்டு இருந்தன. ஒன்று "காரியாலயத் துப்புரவுச் சேவைகள்" என்று பொருள்படும் பெயரையும், மற்றையது "காரியாலயத் துப்புரவுச் சங்கம்" என்று பொருள்படும் பெயரையும் வழங்கின. முதலாவது நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1946ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபை அவ் வழக்கைத் தள்ளிவிட்டது. தொழிலைச் சுட்டும் பொதுச் சொற்களையே பெயராக எடுத்தவர், ஓரளவு மயக்கம் நேர்வதைப் பொறுத்துக்கொள்ளவே வேண்டும். இத்தகைய பெயர்களில் "சேவைகள்", "சங்கம்" என்னும் சிறு வேறுபாடும் போதுமானது என்பது அத் தீர்ப்பின் சாரம்.

இவ் விரு தீர்ப்புகளையும் சேர்த்து நோக்கின் உண்மை புலனாகும். பொதுச் சொல் ஊரார் சொத்து. நெடுங்கால உழைப்பால் மக்கள் மனத்திலே அது ஒருவரையே குறிக்கத் தொடங்கினால் மாத்திரம் அவருக்குப் பாதுகாப்புக் கிட்டும். அதனை நிரூபிக்கும் சுமையோ வழக்காளியின் தோளிலேயே விழும்.

எம் நாட்டுச் சட்டம் கூறுவது யாது?

இலங்கையில் இவ் விடயம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்பாற்படும். பண்டத்தின் வகை, தரம், பயன் ஆகியவற்றை மட்டுமே குறிக்கும் சொற்கள் பொதுவாக வியாபாரக் குறியாகப் பதியப்படமாட்டா. ஏனைய குறிகளைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திலே பதியலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். பதியாதவரும் அநாதரவானவர் அல்லர். பிறருடைய கடை என்றோ பண்டம் என்றோ மக்களை மயக்குதல் நேர்மையற்ற போட்டியென அதே சட்டம் விலக்குகின்றது.

இங்கே பலர் இடறி விழும் குழியொன்றுண்டு. பிரதேச செயலகத்திலே வியாபாரப் பெயரைப் பதிந்து பத்திரம் பெற்றதும், அப் பெயர் தமக்கே சொந்தமாயிற்று என்று எண்ணுகின்றனர். அஃது இன்னார் இன்ன வியாபாரம் நடத்துகிறார் என்பதற்குச் சான்றேயன்றி, பெயருக்கு உறுதிப் பத்திரமன்று. வியாபாரக் குறிப் பதிவு வேறு; வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு.

இனி எம் சந்திக்கு மீள்வோம். "செக்கெண்ணெய்" என்னும் சொல்லை எதிர்க் கடைக்காரர் எழுதலாகாது என்று அம்மையார் வழக்காடினால் வெல்வது அரிது. ஆனால் தம் கடையின் சுட்டுத்துண்டையும் நிறத்தையும் அவர் அப்படியே பின்பற்றினாரென்றோ, தமது கடையே பழைய கடை என்று கூறி விற்றாரென்றோ சான்றுடன் காட்டினால் நிலைமை வேறு. சொல்லிலே குற்றமில்லை, "ஓம் ஆச்சி" என்ற அந்த விடையிலேதான் குற்றம் உளது.

எனினும் நீதிமன்றப் படியேறுவது செலவும் காலமும் விழுங்கும் காரியம். ஆதலின் கடை திறக்கவிருக்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பண்டத்தின் பெயரை மட்டும் பலகையில் எழுதி அமையாதீர்கள். அதனோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லையோ சித்திரத்தையோ சேர்த்து, அதனை வியாபாரக் குறியாகப் பதிந்துகொள்ளுங்கள். முன்னரே ஒருவர் வழங்கும் பெயராயின், சட்டம் இடந்தந்தாலும் விலகி நில்லுங்கள். அயலவரின் இருபது ஆண்டு உழைப்பு அப் பலகையிலே எழுதப்பட்டிருக்கின்றது.

அம்மையாரும் தம் பலகையிலே கணவரின் பெயரை முன்னே சேர்த்து எழுதுவாராயின், அடுத்த முறை ஆச்சி வழி தவறமாட்டார்.