தடங்கலுக்கு வருந்துகிறோம்!

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் மாலை, காப்பி டம்ளரும் கையுமாக டெலிவிஷனுக்கு எதிரே ஜம்மென்று சாய்ந்துகொண்டேன். பக்கத்தில் ரிமோட் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று டெலிவிஷனுடையது, மற்றொன்று அதன் கீழே குந்தியிருக்கும் செட்-டாப் பாக்ஸுடையது. ஒரு பொத்தானை அழுத்தினேன். "சிக்னல் இல்லை" என்றது திரை. இன்னொன்றை அழுத்தினேன். படம் வந்தது, சத்தம் போயிற்று. மூன்றாவதை அழுத்தினேன். இரண்டும் போயின!

உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தானே?

டில்லிக்கு 1959-லேயே டெலிவிஷன் வந்துவிட்டது. சென்னைக்கு வந்தது 1975, ஆகஸ்டு 15-ம் தேதி. அந்த நாளிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அதிகம். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். "தெரியுது... தெரியுது... ஐயோ, போச்சு!" என்று கீழேயிருந்து ஒருவர் கத்துவார். 'ஒளியும் ஒலியும்' பார்க்க வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். நடுவில் படம் நின்றுவிட்டால், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஓர் அட்டை வந்து நிற்கும். எவ்வளவு பெரிய மனசு, பாருங்கள்! இன்று படம் நின்றால் திரை நடுவே ஒரு வட்டம் சுற்றுகிறது. அது யாரிடமும் வருத்தம் தெரிவிப்பதில்லை.

அந்த வட்டத்தின் ரகசியம் ஒன்றும் பிரமாதமில்லை. குழாய்த் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்துக்கொண்டு மொண்டு செலவழிக்கிறோம் அல்லவா? இண்டர்நெட்டில் வரும் படமும் அப்படித்தான். சில விநாடிக்குரிய துண்டு துண்டாக முன்கூட்டியே வந்து சேருகிறது. வரத்துக் குறைந்து, சேமிப்பும் தீர்ந்துவிட்டால், அடுத்த துண்டு வரும்வரை வட்டம் சுற்ற வேண்டியதுதான். கதாநாயகி வாயைத் திறந்தபடியே நிற்பாள்!

கிரிக்கெட்டில் இதைவிட வேடிக்கை. துண்டு போட்டு, சேர்த்து, அனுப்புவதற்கு நேரம் பிடிப்பதால், செல்போனில் வரும் ஆட்டம் கேபிளில் வருவதற்குச் சில விநாடி, சில சமயம் அரை நிமிஷம்கூடப் பின்தங்கிவிடும். நம் திரையில் பந்து வீசுபவர் ஓடி வரத் தொடங்குவதற்குள், அடுத்த வீட்டில் "அவுட்!" என்று கூரை பறக்கும். பிறகு பார்த்து என்ன சுகம்?

சரி, சினிமா பார்க்கலாம் என்றால், எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடுகிறது. போன வாரம் பார்த்து வைத்த படத்தை இந்த வாரம் காணோம். அவர்கள் பல படங்களை விலைக்கு வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். குத்தகை முடிந்தால் படம் போயே போய்விடும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கஷ்டங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் எங்கள் வீட்டில் நடந்தது.

என் தாயாருக்கு வயது 80. ஏழரை மணிச் சீரியல் என்றால் அவளுக்கு உயிர். என் பையன்தான் தினமும் பாட்டிக்கு டெலிவிஷனைப் போட்டுக் கொடுப்பான். ஜூன் மாதம் அவன் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து, ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அம்மா சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஏழரை மணிக்கு வாசல் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "கண் வலிக்கிறதுடா" என்பாள்.

கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் அவர். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"ஒருநாள் நான் என்னத்தையோ அழுத்தித் தொலைச்சேன். எல்லாம் போயிடுச்சு. நீ ஆபீஸிலேருந்து களைச்சு வந்து அரை மணி நேரம் அவஸ்தைப்பட்டே. எதுக்கு உங்களுக்குச் சிரமம்னு விட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. குமிழைத் திருகினால் பேசிய பெட்டியை ஒருவர் தயவும் இல்லாமல் பார்த்தவள் அவள். பொத்தான்கள் பெருகப் பெருக, சொந்த வீட்டிலேயே பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அன்று இரவே பையனுக்குப் போன் செய்தேன். "பாக்ஸ் ரிமோட்டுக்கே டெலிவிஷனைப் போடவும் அணைக்கவும் கற்றுக்கொடுக்கலாம், அப்பா" என்றான். பல பெட்டிகளின் ரிமோட்டுகளில் அந்த வசதி உண்டாம். இரண்டு ரிமோட்டுகளையும் எதிரும் புதிருமாக வைத்து, அவன் சொன்னபடி செய்தேன். ஒன்று மற்றொன்றிடம் பாடம் கேட்டுக்கொண்டது! டெலிவிஷன் ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மிச்சமிருந்த ஒன்றில், தேவையில்லாத பொத்தான்கள் மீது என் மனைவி பிளாஸ்திரி ஒட்டினாள். மூன்றே வரியில் செய்முறையைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினோம். செலவு பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

இப்போது ஏழரை மணிக்கு அம்மாவே டெலிவிஷனைப் போடுகிறாள். நேற்று விளம்பரம் வந்து காதைத் துளைத்தது. சத்தத்தைக் குறைக்கலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். அது அம்மா மடியில் இருந்தது. கையை நீட்டினேன்.

"நீ சும்மா இரு. என்னத்தையாவது அழுத்தித் தொலைப்பே!" என்றாள் அம்மா.