40 கி.மீ. இடைவெளி யானைகளைப் பிரித்த கதை: வேப்பனப்பள்ளி வழித்தடம் ஏன் முக்கியம்?

ராகி முற்றும் நேரத்தில் வேப்பனப்பள்ளி பக்கத்து கிராமங்களில் ராத்திரி தூக்கம் கிடையாது. கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளில் இருந்து கிளம்பும் யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு எனக் காடு காடாக வருகின்றன. சில, சூளகிரி தாண்டி வேப்பனப்பள்ளி, மகராஜகடை வழியாக ஆந்திர எல்லைக்கும் போகின்றன. பயிர்ச்சேதம், உயிரிழப்பு, வனத்துறை விரட்டியடிப்பு... செய்திகளில் நாம் பார்ப்பது இவ்வளவுதான். ஆனால் யானையோடு சேர்ந்து மரபணுவும் நடக்கிறது.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

உயிர்கள் பிறக்கும்போது டிஎன்ஏவை நகலெடுப்பதில் சில எழுத்துப் பிழைகள் வரும். மனிதக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சுமார் 60, 70 புதிய பிழைகள் இருக்கும். பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. அவை பரவுமா, மறையுமா என்பதை இயற்கைத் தேர்வோடு குருட்டு அதிர்ஷ்டமும் முடிவு செய்யும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே போக்குவரத்து இருந்தால் இந்த மாற்றங்கள் கலந்துவிடும். நின்றுபோனால் ஒவ்வொன்றும் தன் வழியில் போகும். பல லட்சம் ஆண்டுகள் அப்படியே போனால், இனமே வேறாகிவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை உச்சியின் சோலைக்காடுகளில் வாழும் 'சோலக்கிளி' என்ற சின்ன நீலப் பறவைக்கு நடந்தது அதுதான். காட்டைவிட்டு வெளியே வரவே தயங்கும் பறவை அது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனியில் இன்னொன்று. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டினால் அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. வி.வி.ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-ல் இவற்றுக்கு 'சோலிகோலா' என்று தனிப் பேரினமே வகுத்தார்கள்.

யானை அப்படியில்லை, நூற்றுக்கணக்கான சதுர கி.மீ. சுற்றும். அதையுமா ஒரு கணவாய் தடுக்கும்?

டி.என்.சி.வித்யா, ராமன் சுகுமார் உள்ளிட்டோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் ஆச்சரியப்படுத்தியது. நீலகிரி, கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சுமார் 15,000 சதுர கி.மீ. பரப்பில் வாழும் யானைகளிடையே மரபணு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வெறும் 40 கி.மீ. அகலமுள்ள இடைவெளியைத் தாண்டி ஆனைமலைக்குப் போனால், யானைகள் மரபணு அளவில் தெளிவாக வேறாக இருந்தன. 2024-ல் வெளியான முழு மரபணுத் தொகுதி ஆய்வு செங்கோட்டைக் கணவாயையும் ஒரு பிரிகோடாகக் காட்டியது. அதற்குத் தெற்கே இருப்பவை 150-க்கும் குறைவான யானைகள்.

கூட்டம் சிறுத்தால் அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும். ஒடிசாவின் சிமிலிபாலில் கறுப்புப் புலிகள் அதிகம் தென்படுவது ஏன் தெரியுமா? ஒரே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான். வெளியே மிக அரிதான அந்த மாற்றம், தனித்துப்போன சிறு கூட்டத்தில் பெருகிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் தீங்கான பிழைகளும் இதே வழியில்தான் பெருகும்.

வேப்பனப்பள்ளி எங்கே வருகிறது?

1980-களின் நடுவில் ஓசூர், தருமபுரி காடுகளில் இருந்து போன யானைகள்தான் ஆந்திரத்தின் சித்தூர் பகுதியில் புதிதாகக் குடியேறின. அவற்றுக்காகவே 1990-ல் கவுண்டின்யா சரணாலயம் அமைந்தது. அந்தச் சிறு கூட்டத்துக்குப் புது ரத்தம் வரவேண்டுமானால் மேற்கில் இருந்து ஆண் யானைகள் வர வேண்டும். பெண் யானைகள் பிறந்த கூட்டத்தோடே இருந்துவிடும். ஊர்விட்டு ஊர் போவது ஆண்கள்தான். தலைமுறைக்கு ஒன்றிரண்டு வந்து இணை சேர்ந்தாலே இரு கூட்டங்களும் பெரிதாக விலகாது என்பது மரபியலாளர்களின் தோராயக் கணக்கு.

அந்த ஒன்றிரண்டு யானைகள் இன்று கடக்க வேண்டியது பெங்களூரு-கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையை, சிப்காட் வளாகங்களை, நாளுக்கு நாள் முளைக்கும் மனைப் பிரிவுகளை.

'வழித்தடத்தை விட்டுவிடுங்கள்' என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். ஒரே ராத்திரியில் ராகியை இழந்தவருக்கு இந்த மரபணுக் கணக்கு சோறு போடாது. இழப்பீடு சீக்கிரம் கைக்கு வந்தால்தான் இந்தப் பேச்சுக்கே அவர் காது கொடுப்பார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. யானைக்கு ஒரு தலைமுறை என்பது 20 ஆண்டுகளுக்கு மேல். இன்று பாதை அடைபட்டாலும், டிஎன்ஏவில் அது தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.